அமானிதப் பெட்டியும் தும்பறை வயலும்

கண்டியில் குடை விற்கிறவனிடம் வந்து, இங்கே மழை எவ்வளவு காலம் பெய்யும் என்று ஒருவர் கேட்டால் அவரை எப்படி நம்புவது? குடை வாங்க வந்தவர் விலையைக் கேட்பார், பேரம் பேசுவார். இந்த ஐயாவோ கடையைத் தாண்டிப் பின்னால் இருந்த என் வீட்டை எட்டிப் பார்த்தார். கடைசி அறைச் சுவர் ஏன் கறுத்திருக்கிறது என்று விசாரித்தார். மலையை வெட்டிக் கட்டிய வீடு, மழை வந்தால் சுவர் கசியும் என்றேன். மனிதரின் முகம் மலர்ந்துவிட்டது. எனக்கு அப்போதே பிடிக்கவில்லை.

தாம் யாழ்ப்பாணத்தவர் என்றும், கொழும்பில் அரசாங்கக் கல்லூரியின் நூலகத்தில் வேலை என்றும் சொன்னார். அந்தக் கல்லூரியைப் பல்கலைக்கழகமாக உயர்த்தப்போகிறார்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்த கதை. அது கொழும்பிலேயே இருப்பதா, கண்டிக்கு வருவதா என்று பெரிய மனிதர்கள் பத்திரிகையில் சண்டை பிடித்தார்கள். நாங்கள் தேத்தண்ணிக் கடையில் பிடித்தோம்.

ஐயாவின் தேவை இதுதான்: பூட்டிய மரப்பெட்டி ஒன்று. உள்ளே புத்தகங்களாம். அதை மழைக்காலம் முடியும்வரை என்னுடைய அந்தக் கறுத்த அறையில் வைத்திருக்க வேண்டும்.

“திறக்க வேண்டாம், முதலாளி. வச்ச இடத்தில இருந்து அசைக்கவும் வேண்டாம். மழை விட நான் வாறன்.”

“எதுக்கு, ஐயா?”

“அதைப் பிறகு சொல்லுறன். இப்ப சொன்னால் சரிவராது.”

சொன்னால் சரிவராத காரியம் என்ன காரியம்? மறுத்துவிடலாம் என்று வாயெடுத்தேன். திரைச்சீலைக்குப் பின்னால் இருந்து என் மனைவி, பிரயாணி ஒருவர் அமானிதமாகக் கேட்கிறார், இல்லை என்று சொல்ல ஏலாது என்றாள். நம்பி ஒப்படைத்த பொருளைக் கண்போலக் காப்பது எங்கள் வீடுகளில் மார்க்கக் கடமை. அதற்குமேல் என் பேச்சு எடுபடவில்லை.

பக்கத்துக் கடைத் தையற்காரருக்கு என்னைவிடச் சந்தேகம். “புத்தகம் வெக்கிறவர் ஈரமான எடம் தேடுவாரா? பொண்ணு பாக்க வந்தவன், வீட்ல நோயாளி யாராவது ஈக்கான்னு கேட்டு, ஈக்குன்னதும் சிரிச்ச மாதிரி ஈக்கே” என்றார். அபினாக இருக்கும் என்றார். கள்ள நோட்டாக இருக்கும் என்றார். கடைசியில், வரி போடுகிற ஆளை இப்படித்தான் அனுப்புவார்கள் என்று சொல்லி என் அன்றைய சோற்றையும் கெடுத்தார். மனிதர் பேச ஆரம்பித்தால் ஊசி நின்றுவிடும். அவர் தைத்த சட்டைகள் எதுவும் சொன்ன நாளில் முடிந்ததில்லை.

அந்த வாரமே மச்சான் வந்தார். மச்சான் என்றால் என் மனைவியின் நானா, அவளுடைய அண்ணன். தெல்தெனிய போகும் பாதையில், தும்பறையில் அவருக்கு வயல். அவரிடம் இருந்ததெல்லாம் அந்த வயல்தான். பிள்ளைகளின் சோறும் அதில்தான். பல்கலைக்கழகம் கண்டிக்கு வந்தால் தும்பறையில்தான் கட்டுவார்கள் என்று பேச்சு. நில அளவைக்காரர்கள் வந்து சங்கிலி போட்டு அளந்துவிட்டும் போயிருந்தார்கள். காணி போய்விடும் என்ற பயத்தில் மனிதர் பாதியாக மெலிந்திருந்தார்.

பெட்டியைப் பார்த்தார். கதையைக் கேட்டார். கறுத்த சுவரைத் தொட்டுப் பார்த்தார். பிறகு மெதுவாக, “கண்டி ஈரத்துக்குப் புத்தகமெல்லாம் உக்கிப் போகும், பல்கலைக்கழகம் இங்க சரிவராதுன்னு கொழும்பு ஆக்கள் சொல்றாங்களாமே, மச்சான்” என்றார். “அல்லா அவங்களுக்கு நீண்ட ஆயுளக் குடுக்கட்டும்.”

அதன்பிறகு மச்சான் சந்தைக்கு வரும்போதெல்லாம் எங்கள் வீட்டுக்கும் வந்தார். தங்கையின் சுகம் கேட்பதற்கு முன்னால் சுவரின் சுகம் கேட்டார். இன்னும் கசியுதா, நல்லாக் கசியுதா என்பார். ஒருநாள் அவர் கைகால் கழுவிவிட்டுப் போன பிறகு பார்த்தேன், பெட்டியின் அடியில் தண்ணீர் தேங்கி நின்றது. சுவர் கசிந்ததா, செம்பு கவிழ்ந்ததா? அன்று முழுக்க மழையும் பெய்தது. இன்றுவரை எனக்குத் தெரியாது. மைத்துனனிடம் இதை எப்படிக் கேட்பது?

மனைவியிடம் சொன்னேன். அவள் தன் நானாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. “ஐயா எதுக்கு வெச்சாரோ அது அவர்ட பாடு. அமானிதம் நனைய ஏலாது” என்றாள். இருவருமாகப் பெட்டியைத் தூக்கி அடுப்புக்கு மேலே இருந்த பரணைக் கழுவித் துடைத்து அதில் ஏற்றினோம். அசைக்க வேண்டாம் என்று ஐயா சொன்னது களவுக்குப் பயந்துதான் என்பது அவள் முடிவு. வியாழக்கிழமை அந்தியில் வீடு முழுக்கச் சாம்பிராணி பிடிக்கும்போது பெட்டிக்கும் ஒரு சுற்றுக் காட்டினாள். செய்வினை ஏதாவது உள்ளே இருந்தால் அதுவும் போகட்டும் என்ற எண்ணம்.

மச்சானிடம் அறையைப் பூட்டிவிட்டோம் என்று மட்டும் சொன்னோம்.

மழை விட்டது. ஐயா வந்தார். எப்படி மூக்கில் வியர்த்ததோ, அன்று மச்சானும் வந்து கதிரையில் உட்கார்ந்துவிட்டார். பெட்டியை இறக்கிக் கூடத்தில் வைத்தோம். ஐயா பூட்டைத் திறந்தார். கந்தூரி விருந்து வீட்டுச் சாம்பிராணி வாசம் வந்தது. ஒரு புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். தாள் அப்பளம்போல மொரமொரத்தது. பூஞ்சணமும் இல்லை, பூச்சியும் இல்லை.

“காரணத்தைச் சொன்னால் நீங்கள் கவனமாப் பாதுகாத்துப் போடுவியள் எண்டுதான் நான் சொல்லேல்லை” என்றார் ஐயா. கண்டியில் நூலகம் வைத்தால் புத்தகம் நிற்குமா என்று தாமே பார்க்க விரும்பினாராம். கொழும்பிலும் இதேபோல ஒரு பெட்டி வைத்திருந்தாராம்.

மச்சானின் முகம் வெளுத்தது. புத்தகம் நின்றுவிட்டது, இனிப் பல்கலைக்கழகமும் வரும்.

“தங்கச்சி, என்ட வயலுக்கா பொக போட்டாய்?”

“நனஞ்சத கையில குடுக்கிறத்துக்கா, நானா, அமானிதம் வாங்கின?” என்றாள் அவள்.

நான் உள்ளதைச் சொன்னேன். பெட்டி அந்த அறையில் இருக்கவில்லை, பரணில் இருந்தது, இதை வைத்துக் கண்டியை எடைபோட வேண்டாம் என்றேன். ஐயா என்னைப் பார்த்தார், மச்சானைப் பார்த்தார்.

“இவற்ற வயல் தும்பறையிலயோ?”

ஆம் என்றேன்.

“அப்ப, வயலுக்காக இப்ப இந்தக் கதையைச் சொல்லுறியளோ?”

உண்மையைச் சொல்லியும் பொய்யனாக நின்றேன். கடைசியில் அவரே ஏணி வைத்து ஏறிப் பார்த்தார். பரண் முழுக்கக் கரி. பெட்டி இருந்த இடம் மட்டும் வெள்ளைச் சதுரம். இறங்கிக் கையைத் துடைத்துக்கொண்டு, இந்த வீட்டுப் பெட்டி கணக்கில் வராது என்றார்.

“சத்தியமா?” என்றார் மச்சான்.

“ஓம்.”

மச்சான் நம்பவில்லை. பெட்டியைத் தானே தோளில் தூக்கிக்கொண்டு ரயில்வே ஸ்டேஷன்வரை ஐயாவின் பக்கத்திலேயே நடந்தார். ரயில் புறப்படும்வரை நின்று பார்த்துவிட்டு வந்து, “பெட்டி போச்சு. அவர்ட வாய் கொழும்புல என்ன சொல்லுமோ” என்றார்.

வருஷங்கள் போயின. தும்பறைப் பேச்சு அடங்கி, இடம் கண்டிக்கு மறுபுறம் பேராதனைப் பக்கம் என்று முடிவானபோது நான் பஸ் பிடித்துப் போய் மச்சானிடம் சொன்னேன். வரப்பில் நின்று கேட்டுக்கொண்டார்.

“எழுத்துல தந்தீக்காங்களா?”

“அப்படி யாரும் எழுதித் தர மாட்டாங்க, மச்சான்.”

“அப்ப சரி” என்றார். நெல் விதைத்தார், அது நாலு மாதத்தில் கைக்கு வந்துவிடும். தென்னை வைக்கச் சொன்னேன். காய்க்க அத்தனை வருஷம் ஆகுமே, அதுவரைக்கும் யாரை நம்புவது என்று கேட்டார்.