கதவுக்குப் பின்னால் இருக்கும் சுவிட்ச்

புனே பக்கம் சாகணில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். கார் செய்கிற தொழிற்சாலை இல்லை. வீடு செய்கிற தொழிற்சாலை. சுவர்களைப் படுக்கவைத்து அச்சில் வார்த்து, லாரியில் ஏற்றி அனுப்புவோம். கட்டுமிடத்தில் அவற்றை நிமிர்த்தி இணைப்பார்கள். கட்டடக் கலைஞர், மின்சாரக்காரர், குழாய்க்காரர் என்று ஆளுக்கொரு வரைபடம் அனுப்புவார்கள். எல்லாவற்றையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து, எங்காவது இடிக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது என் பாடு. நான் கையெழுத்துப் போடாமல் ஒரு சட்டி காங்கிரீட்கூட விழாது என்பதில் கொஞ்சம் கர்வமும் உண்டு.

நிக்டியிலிருந்து கம்பெனி பஸ்ஸில் போகும்போது எனக்கொரு கிறுக்குப் பழக்கம். கண்ணை மூடிக்கொண்டு, இன்னும் கட்டாத வீடுகளுக்குள் நடப்பேன். வாசலில் செருப்பைக் கழற்றுவேன். சமையலறையில் நின்று, இல்லாத ஜன்னல் வழியே மழை பெய்வதைப் பார்ப்பேன். இன்னும் யாரும் குடிவராததால் எல்லா வீடும் என்னுடையதுதான். வாடகை வீட்டில் இருப்பவளுக்கு இதைவிட என்ன வேண்டும்?

அப்படி ஒரு மழைநாள் காலையில், வண்டிகள் நகராமல் நிற்க, நான் ஒரு வாசலைத் திறந்து உள்ளே போனேன். விளக்கைப் போட வலக்கையை நீட்டினேன். சுவர் தட்டுப்படவில்லை. கதவு தட்டுப்பட்டது.

சட்டென்று விழித்துக்கொண்டேன். கதவு திறக்கும் பக்கத்தைக் கட்டடக் கலைஞர் கடைசி நேரத்தில் மாற்றியிருந்தார். மாறிய இடத்தைச் சுற்றி மேகம் போல ஒரு கோடு போடுவது எங்கள் வழக்கம். அந்த மேகத்தைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, மின்சார வரைபடத்தை மேலே வைத்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கதவைத் திறந்தால் சுவிட்ச் அதன் பின்னால் போய்விடும்.

இறங்கியதும் அச்சுக்கூடத்துக்கு ஓடினேன். முதல் மாடிக்கான நான்கு வாசல் சுவர்களும் முந்தின நாளே வார்த்தாகிவிட்டன. அங்கே மேற்பார்க்கும் மராத்திக்காரர் நல்ல மனிதர்.

"ஜானே தோ மேடம். கிஸ்கோ பதா சலேகா?" என்றார்.

விட்டுத்தள்ளுங்கள், யாருக்குத் தெரியப்போகிறது என்று அவர் இந்தியில் கேட்டதும் சரிதான். குடிவருகிறவர்கள் எலக்ட்ரீஷியனைத்தான் திட்டுவார்கள். எங்கள் பிரிவின் தலைமைப் பொறுப்பு எனக்கு வரப்போவதாக அந்த வாரம்தான் பேச்சு. வாயைத் திறந்தால் அது போய்விடும். மூடிக்கொண்டால் மேலே ஆறு மாடிக்கும் அதே தப்பு ஏறும்.

மேலாளரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். மேல்மாடி வரைபடங்களைத் திருத்தினோம். வார்த்த நான்கு சுவர்களை உடைக்க அவருக்கு மனம் வரவில்லை. சுமை தாங்கும் சுவர் என்பதால் சுவிட்சை மாற்றிவைக்கச் செதுக்கவும் கூடாது. அப்படியே கொண்டுபோய் முதல் மாடியில் நிமிர்த்திவிட்டார்கள். பொறுப்பு வேறொருவருக்குப் போனது.

கட்டடம் எழுந்தபின் அங்கேயே வீடு வாங்கினோம். நான் முதல் மாடிதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேன். லிஃப்ட் நின்றுபோனால் கஷ்டம் என்று கணவரிடம் சொன்னேன். நான்கு குடும்பத்தில் ஒரு குடும்பமாவது யாரைத் திட்டுகிறோம் என்று தெரிந்து திட்டட்டுமே என்பதுதான் விஷயம். கனவில் நடந்த வீட்டுக்குள் நிஜமாக நடந்தேன். ஜன்னலில் மழைகூட அப்படியே இருந்தது. தினமும் மாலையில் கதவைச் சாத்திவிட்டு, இருட்டில் தடவி விளக்கைப் போட்டேன்.

கோயம்புத்தூரிலிருந்து அம்மா வந்தார். முதல் நாளே சுவரைத் தடவிக் களைத்துப்போனார்.

"எந்த மகராசன் கட்டுனானோ! சுவிட்சக் கொண்டுபோயி கதவுக்குப் பொறத்தால வெச்சிருக்கறான்."

"மகராசன் இல்லம்மா. நாந்தான்."

நடந்ததையெல்லாம் சொன்னேன். அம்மா சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

"அந்த மூணு வீட்டுக்காரங்களுக்கும் தெரியுமா கண்ணு?"

தெரியாது. கம்பெனியில் சொன்னதோடு என் கடமை தீர்ந்தது என்று இத்தனை நாள் நிம்மதியாக இருந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

மறுநாள் மாலை அம்மா சுட்ட பணியாரத்தோடு எதிர்வீட்டு மணியை அடித்தேன். அந்த வீட்டம்மா கதவைத் திறந்து, "ஆயியே" என்று உள்ளே கூப்பிட்டார். பிறகு என் பின்னால் கதவைச் சாத்திவிட்டு, இருட்டில் சுவரைத் தடவத் தொடங்கினார்.