சஹனை விட்டு எழுந்த வெள்ளிக்கிழமை

அந்த வெள்ளைக் கார்க்காரர்கள் நேரத்தோடு கிளம்பினார்களா? நான்கு வருடமாக என்னிடம் இதற்குப் பதில் இல்லை. விசாரிக்க முடிந்த நாட்களில் விசாரிக்கப் பயந்தேன். இப்போது யாரிடம் கேட்பதென்றே தெரியவில்லை.

நாங்கள் துபாயில், தேராவில் குடியிருக்கிறோம். அப்போது மகளுக்கு நான்கு வயது, மகனுக்கு ஐந்து மாதம். ஒரு குளிர்கால வெள்ளிக்கிழமை, எங்கள் ஊர்க் குடும்பங்கள் நான்கு சேர்ந்து வேன் பிடித்து ஹத்தா என்ற மலையூருக்குப் போனோம். காலையில் பழைய கோட்டை, ஜும்மா தொழுகை நேரத்தில் பேரீச்சந்தோட்டம், சாப்பாட்டுக்கு வாதி என்று திட்டம். வாதி என்றால் மலைகளுக்கு நடுவே காய்ந்து கிடக்கும் ஆறு. அங்கங்கே பாறைக் குழிகளில் தண்ணீர் நிற்கும், பிள்ளைகள் விளையாடலாம்.

கோட்டையிலேயே என் பெயர் கெட்டுவிட்டது. காவல் கோபுரத்து மேட்டில் மகள் நாலடி ஓடியதும் கத்திக்கொண்டே போய் இழுத்தேன். சறுக்கி விழுந்தது நான்தான். பக்கத்து ஃபிளாட் அக்காவை லாத்தா என்போம், எங்கள் எல்லாருக்கும் மூத்தவர். என் அபாயாவில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டபடி, "இவளோட வந்தா கோட்டையையும் தள்ளி நின்னு பாக்கணும், தண்ணியையும் தள்ளி நின்னு பாக்கணும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், என் கணவரும்தான்.

ஆண்கள் ஜும்மாவுக்குப் போனபோது, தோட்டத்து மோட்டார் அறைக்குப் பின்னால் உட்கார்ந்து மகனுக்குப் பால் கொடுத்தேன். வெளியே வந்ததும், வாய்க்காலை வெட்டிவிட்டுக்கொண்டிருந்த தோட்டக்காரர் ஒருவர், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு இந்தியில் பேசினார். மலைக்கு அந்தப் பக்கம் காலையிலிருந்து மழையாம். இங்கே வெயில் அடிக்கும், ஆனாலும் தண்ணீர் வரும், பிள்ளைகளை வாதியில் இறக்காதீர்கள் என்றார். எப்போது வரும் என்று கேட்டேன். சாயங்காலம் வரலாம், வராமலும் போகலாம், அல்லாஹ்வுக்குத்தான் தெரியும் என்றார்.

வராமலும் போகலாம் என்றாரே, அதைப் பிடித்துக்கொண்டேன். லாத்தாவிடம் சொல்லப் போனேன். காலையில் சிரித்த முகங்களைப் பார்த்ததும் வாய் வரவில்லை. கணவர் வந்ததும் சொல்லலாம் என்று நினைத்தேன். அவர் வேனில் முன்சீட்டில் ஏறிக்கொண்டார், நான் கடைசி வரிசையில் இருந்தேன். வாதி வந்துவிட்டது.

கூழாங்கல்மேல் பாய் விரித்து மூன்று சஹன் வைத்தோம். எங்கள் ஊர் வழக்கப்படி ஒரு பெரிய தட்டைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து சாப்பிடுவதுதான் சஹன். கை வைத்தால் எல்லாரும் முடிக்கும்வரை யாரும் எழக்கூடாது. மகள் முன்னாலேயே சாப்பிட்டுவிட்டுக் கீழே குழியருகில் போயிருந்தாள். அங்கே ஒரு வெள்ளைக் காரை நிறுத்தி, ஒரு வடநாட்டுக் குடும்பம் அடுப்பு மூட்டியிருந்தது. அவர்கள் மகளும் என் மகளும் கணுக்கால் தண்ணீரில் நின்றார்கள்.

தலைக்குமேல் வானம் நீலமாகத்தான் இருந்தது. மலைமுகட்டுக்குப் பின்னால் மட்டும் கறுத்திருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன். மகளின் கால்விரல்கள் தெரிந்த தண்ணீர் தேநீர் நிறமானது. வைக்கோலும் ஆட்டுப் புழுக்கையும் மிதந்து வந்தன. பிள்ளைகள் கலக்கியிருப்பார்கள் என்றார் லாத்தா. கலங்கல் மேலேயிருந்து வந்தது. அங்கே பிள்ளைகள் யாரும் இல்லை.

நான் சஹனிலிருந்து எழுந்தேன். மகனைத் தூக்கிக்கொண்டு கணவரிடம் போய், "மச்சான், பிள்ளைக்கு ஒடம்பு கொதிக்குது. இப்பவே போவோம்" என்றேன்.

அவர் தொட்டுப் பார்த்தார். "சூடு தெரியலையே."

"நீங்க ஐஸ் பெட்டியில கை விட்டுட்டு வந்தீங்க. எப்படித் தெரியும்?"

மழை என்று சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். கைக்குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் நாலு குடும்பமும் எழுந்துவிடும் என்று எனக்குத் தெரியும். எழுந்தார்கள். பாதிச் சஹனோடு பாயைச் சுருட்டினார்கள். லாத்தா என் மகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

வேன் அந்த வெள்ளைக் காரை ஒட்டித்தான் போனது. கண்ணாடியை இறக்கி ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால், உனக்கு எப்படித் தெரியும், அதை ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்று வேனில் இருப்பவர்கள் கேட்பார்கள். காய்ச்சல் பொய் என்று தெரிந்துவிடும். அந்தக் குடும்பத்து மனிதர் கரண்டியை உயர்த்தி எங்களுக்கு விடை சொன்னார். நான் மகனின் நெற்றியில் ஈரத்துணியை வைத்து அழுத்திக்கொண்டிருந்தேன்.

இரண்டு நாள் கழித்து, தான் வேலை பார்க்கும் கடைக்கு வந்த ஒருவர் சொன்னதாகக் கணவர் சொன்னார். அன்று மாலை அந்த வாதியில் வெள்ளம் வந்து வண்டிகளை இழுத்துப் போயிற்றாம். ஆட்களா என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. அதற்குப்பின் ஒரு மாதம் நான் பேப்பரைத் தொடவில்லை.

அன்றிலிருந்து என் மகன் எங்கள் கூட்டத்தில் நாலு குடும்பத்தைக் காப்பாற்றிய பிள்ளை. காய்ச்சலை அல்லாஹ் அனுப்பினான் என்கிறார்கள். நானும் தலையாட்டுகிறேன்.

இந்தக் குளிரில் மறுபடியும் அதே வாதிக்குப் போகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். மழைக்காலமாச்சே என்று இழுத்தேன். லாத்தா மகனை மடியில் வைத்துக்கொண்டு, "நமக்கு என்னடி பயம்? இவன் ஒடம்பு சுட்டா கெளம்பிருவோம், சுடலேன்னா குளிச்சிட்டு வருவோம்" என்றார். அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. என் கணவர் புன்னகைத்து மகனின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

நான் உண்மையைச் சொல்லியாக வேண்டும். சொன்னால் கணவர் முதலில் கேட்கப்போவது காய்ச்சலைப் பற்றி இருக்காது. அந்தக் குடும்பத்திடம் ஏன் சொல்லவில்லை என்றுதான் கேட்பார். இதைப் படிக்கும் தாய்மார்கள் யாராவது இப்படி ஒன்றைச் சொல்லிக் கடந்திருந்தால் எனக்கு எழுதுங்கள். அவரிடம் தனியாகச் சொல்வதா, எல்லார் முன்னாலும் சொல்வதா, எந்த வார்த்தையில் தொடங்குவது? அடுத்த வாரம் வேன் பேசப்போகிறார்கள்.