பக்கெட்டில் வளர்த்த புது இனம்

கல்லூரித் தோழி போனில், புது நண்டு இனம் ஒன்றைக் கண்டுபிடித்திருப்பதாகச் சொன்னாள். வாய் "சூப்பர்டி" என்றது. வயிறு பற்றி எரிந்தது. ராயபுரத்திலிருந்து ஒரே பஸ்ஸில் போய் விலங்கியல் படித்தோம். அவள் ஆராய்ச்சிக்குப் போனாள். நான் கத்திவாக்கத்தில் வாழ்க்கைப்பட்டு, திருவொற்றியூர்ப் பள்ளியொன்றில் உயிரினங்களை வகைப்படுத்தும் பாடத்தை வருஷா வருஷம் நடத்துகிறேன். அந்த நண்டு கிடைத்தது எங்கே? என் வீட்டுக்குப் பின்னால், கழிமுகச் சேற்றில். கூட்டிப்போய்க் காட்டியதே நான்தான்!

"பேரு இன்னாடி வெக்கப்போற?" என்றேன்.

"ஆராய்ச்சிப் பேப்பர் வந்ததும் பாத்துக்கோ" என்று சிரித்தாள்.

கண்டுபிடித்தவர் தன் பெயரையே வைத்துக்கொள்வது இந்தத் துறையில் வழக்கமில்லை. வேறு யாருக்காவது மரியாதையாக வைப்பார்கள். சேற்றில் கால் வைக்காத அவளுடைய ஆராய்ச்சி கைடுக்குத்தான் வைப்பாள், வேறு யாருக்கு? அந்தப் பெயருக்குப் பின்னால், பெயர் சூட்டியவள் என்று இவள் பெயரும் காலத்துக்கும் நிற்கும். நான் அதைக் கரும்பலகையில் எழுதிப்போட வேண்டும். தலையெழுத்து!

வகுப்பில் நான் ரசித்துச் சொல்லும் கதை ஒன்று உண்டு. உயிர்களுக்கெல்லாம் இரண்டு சொல்லில் பெயர் வைக்கும் முறை வந்த புதிதில், கையில் கிடைத்ததற்கெல்லாம் பெயர் வைத்தார்கள். கடலில் மிதந்த, முள் நீட்டிய பொடிசு ஒன்றையும் தனி உயிர் என்று சேர்த்துவிட்டார்கள். பிறகு ஒருவர் அதைத் தண்ணீரில் வளர்த்துப் பார்த்தார். தோலுரித்து நண்டாகிவிட்டது. தாய்க்கு ஒரு பெயர், குஞ்சுக்கு ஒரு பெயர் என்று வைத்திருந்தார்கள்.

தோழியின் நண்டும் மிளகு அளவுதான், முதுகில் முள். இதுவும் குஞ்சாக இருந்துவிட்டால்? மறுநாளே சேற்றில் இறங்கி, அதே மாதிரி சிலவற்றைப் பிடித்து பக்கெட்டில் விட்டேன்.

"இன்னாமே இது, பாத்ரூமெல்லாம் கலீஜா கீது?" என்றார் வீட்டுக்காரர்.

"ஸ்கூலுக்கு" என்றேன்.

கழிமுகத் தண்ணீரை மாற்றி, இறாலைக் கிள்ளிப் போட்டு வளர்த்தேன். பெற்ற பிள்ளைக்குக்கூட அப்படி ஊட்டியதில்லை. ஓடு கழற்றும்போதெல்லாம் முள் மழுங்கிக்கொண்டே வந்தது. கடைசியில், சேறு முழுக்க ஓடுகிற, குழம்புக்குக்கூட யாரும் சீண்டாத சாதாரண நண்டு வந்து நின்றது. பாத்ரூமிலேயே குதித்தேன்.

அவள் பேப்பரை இன்னும் அச்சுக்கு அனுப்பியிருக்கவில்லை. படங்களை அனுப்பிவிட்டு நானே கூப்பிட்டேன்.

"உன் நல்லதுக்குத்தான்டி சொல்றேன். அச்சுல வந்தப்புறம்னா அசிங்கமாயிருக்கும்."

படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள்.

"ஆமாண்டி, குஞ்சுதான். நல்லவேள, நான் தப்பிச்சேன்" என்றாள். "உனுக்குத்தான் போச்சு. உன் பேரத்தான்டி வெச்சிருந்தேன்."

"அத முன்னாடியே சொல்றதுக்கு இன்னாடி உனுக்கு?" என்று கத்திவிட்டு அழுதேன்.