ஷூ நாக்கில் ஒரு ஓட்டை

என் மாமா யார் வீட்டுக்குப் போனாலும் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் வாசலில் கிடக்கும் ஷூக்களைப் பார்த்துவிடுவார். அம்பத்தூர் எஸ்டேட்டில், வெளிநாட்டுக் கம்பெனிகளின் பெயரில் ஷூ தைத்து அனுப்பும் ஒரு தொழிற்சாலையில் சரக்கைச் சோதிப்பது அவர் வேலை. கள்ளிக்குப்பத்தில் யார் புது ஷூ வாங்கினாலும் அசலா போலியா என்று அவருக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பிவிட்டுக் காத்திருப்பார்கள்.

எனக்கு அப்போது பத்து வயது. கேட்காவிட்டாலும் மாமா சொல்லிக்கொண்டே இருப்பார். அசலில் தையல் ஓரத்தை விட்டு ஒரே தூரத்தில் ஓடும். மோந்தால் தோல் வாசனை வரும், பசை நாற்றம் வராது. சோதனையில் தேறாத ஜோடிக்கு, லேசுக்குக் கீழே இருக்கும் நாக்கின் அடியில் ஒரு சின்ன ஓட்டை போடுவார்கள். சனிக்கிழமைதோறும் அவற்றை இரண்டாக வெட்டிப் போட்டுக் கையெழுத்திடுவது மாமாவின் பொறுப்பு. "ஓட்ட போட்ட ஷூ ஒண்ணுகூட கேட்டத் தாண்டாது. நான் கீறேன்ல?" என்பார்.

இந்த வித்தையில் மாட்டிக்கொண்டவள் சித்தி. அவளைப் பெண் பார்க்க வந்த இரண்டு பேரை, ஷூ டூப்ளிகேட் என்று மாமா தட்டிக்கழித்திருந்தார். "கால்லயே டூப்பு வுட்றவன் வாயால இன்னா வுட மாட்டான்?" என்று கேட்டார். சித்திக்கு முப்பது நெருங்கிக்கொண்டிருந்தது. எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருக்கும்.

மூன்றாவதாகக் கொரட்டூரிலிருந்து ஒருவர் வந்தார். அவரும் சித்தியும் ஏற்கெனவே போனில் பேசிக்கொண்டிருந்தது எனக்கு மட்டும் தெரியும். அவருடைய அம்மா உட்காருவதற்கு முன்பே ஆரம்பித்தாள்.

"இத்தாலி ஷூம்மா. வெளிய வுட்டா நாய் தூக்கினு பூடும். உள்ளார வெச்சிக்கலாமா?"

மாப்பிள்ளை வெட்கப்பட்டுத் தரையைப் பார்த்தார். மாமா என்னைப் பார்த்தார். நான் போய் எடுத்துவந்தேன்.

செருப்பு நுழையாத எங்கள் சமையல்கட்டில் அன்று ஷூ நுழைந்தது. மாமா தையலைப் பார்த்தார், மோந்தார், கடைசியில் நாக்கைத் தூக்கினார். ஓட்டை இருந்தது. நானும் பார்த்தேன். மாமாவுக்கு நெற்றியெல்லாம் வியர்த்துவிட்டது. காபி டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்த சித்தியின் கை அப்படியே நின்றது.

"இன்னாண்ணா?" என்றாள்.

மாமா நாக்கை மடக்கி லேசை இறுக்கினார். "அசலு. கண்ண மூடிகினு சரின்னு சொல்லலாம்."

நான் வாயைத் திறந்தேன். மாமா அதில் ஒரு கரண்டி கேசரியைத் திணித்தார்.

ஆவணியில் திருமுல்லைவாயிலில் கல்யாணம் நடந்தது. தலை தீபாவளிக்கு மாமா மாப்பிள்ளைக்குப் பெரிய கடையில், பில்லோடு, புது ஷூ வாங்கித் தந்தார். பழையதைக் கேட்டு வாங்கிக்கொண்டுபோய், வீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து இரண்டாக வெட்டினார். நல்ல ஷூவை இப்படிப் பாழாக்கலாமா என்று சித்தி சண்டை போட்டாள். சித்தப்பாதான் சிரித்தபடி உண்மையைச் சொன்னார்: எஸ்டேட் பக்கம் ஒரு கடையில் அடிமாட்டு விலைக்கு வாங்கியது, இத்தாலியெல்லாம் அவர் அம்மா சேர்த்தது. எல்லாரும் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு யார் படம் அனுப்பினாலும், கண் சரியில்லை என்று சொல்லிவிடுவார்.

தங்கைக்காக ஒரு பொய் சொன்ன மாமாவை நினைத்து ரொம்ப நாள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். ஓட்டை போட்ட ஷூ ஒன்றுகூட தன் கையைத் தாண்டி வெளியே போகாது என்று அவர் வாயாலேயே எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அப்படியானால் அந்த ஜோடியைக் கடைக்கு விற்றது யார் என்று எனக்குக் கேட்கத் தோன்றவே இல்லை.