எச்சில் தொட்டு அழித்த எண்

இதில் ஒரு வரிகூட நான் சேர்த்ததில்லை. மாமல்லபுரத்தில் ஒரு ரிசார்ட்டின் ஏ.சி. ஹாலில், பிற்பகல் 3:10க்கு, நாற்பது பேர் சமோசா தின்றுகொண்டிருந்தபோது நடந்தது. சுடுகாடு எதிர்பார்த்தவர்கள் மன்னிக்கவும்.

எங்கள் எண்ணெய்க் கம்பெனியின் கிணற்றுப் பாதுகாப்புப் பயிற்சி. துளையிடும்போது அடியிலிருந்து வாயு சீறினால் மேலே வால்வை மூடுவோம். மூடியபின் அழுத்தம் ஏறி ஓர் எல்லையைத் தாண்டினால் கீழே பாறை பிளக்கும்; அதற்குள் வால்வைக் கொஞ்சம் திறந்துவிட வேண்டும். அந்த எல்லையைப் பலகையில் எழுதிவைப்போம். கிணற்றுக்குள் விடும் சேற்றைக் கனமாக்கினால் எல்லை குறையும். அழித்துத் திருத்த வேண்டும்.

பதினான்கு மாதம் முன்பு, சேற்றைக் கனமாக்கியதும், டிரில்லர் மோசஸ் எண்ணைத் திருத்தினான். டஸ்டரைத் தொடமாட்டான். விரலில் எச்சில் தொட்டு 900ஐ அழித்து 640 என்று எழுதினான்.

"சார் ஒத்துக்கமாட்டாருடா," என்றேன்.

"கீழ கீற பாறைக்கு மேனேஜர் யாருன்னு தெரியாது, அண்ணாத்த."

தலைமையகத்துக்குத் தான் அனுப்பிய எண் மாறுவதா? பொது மேலாளர் கிருஷ்ணபிரசாத் மறுபடி 900 எழுதினார். அன்று மாலை வாயு சீறியது. வால்வைப் பிடித்தவர்கள் பலகையை நம்பினார்கள்; 640ஐத் தாண்டியும் திறக்கவில்லை, பாறை பிளந்தது. தடுக்க ஓடிய மோசஸ் திரும்பவில்லை.

'தவறான எல்லையை எழுதியவர் மோசஸ்' என்றது அறிக்கை. கையெழுத்து என்னுடையது. நான்தான் பாதுகாப்பு அதிகாரி, சிரிக்கலாம். பழியை நீக்கச் சொல்லி அவன் மனைவி மார்கரெட் மனுப் போட்டிருந்தாள். பயிற்சிக்கு மறுநாள் விசாரணை.

ரிசார்ட் ஹால், 3:10. கிருஷ்ணபிரசாத் போர்த்திய சால்வையோடு, அதே கிணற்றை உதாரணமாகக் காட்டி, பலகையில் 900 எழுதினார். சபையைப் பார்த்துத் திரும்பினார்.

பின்னால்... 640.

"எவன்யா இது?"

துடைத்தார். எழுதினார்.

3:12. 640. பக்கத்தில் ஒரு விரல் அகலத்துக்கு ஈரம்...

கிணற்றின் அழுத்தத்தைப் போலவே நடித்துக் காட்டும் பயிற்சி இயந்திரத்தின் முள் அசைந்தது.

600... 630... 640.

டப். பாறை பிளந்தால் அது எழுப்பும் ஒலி.

"மிஷின் கோளாறு," என்றார் கிருஷ்ணபிரசாத்.

இயந்திரத்தை இயக்கும் ஹெலன் என் காதருகே வந்தாள்.

"சார், நான் இன்னும் ஆன் பண்ணவே இல்ல."

மறுநாள், செங்கல்பட்டு. காலை 11:05. விசாரணை அதிகாரி, பதினான்கு மாதமாகச் சீலிட்டிருந்த அறிக்கை உறையை எங்கள் முன்னால் உடைத்தார். அறிக்கையை என்னிடம் நீட்டினார்.

"கையெழுத்து எங்க சார்?"

என் பெயர் இருந்தது. அதன் மேல் நீல மை இழுபட்டிருந்தது... ஒரு விரல் அகலத்துக்கு.

கிருஷ்ணபிரசாத் தொண்டையைச் செருமினார். மார்கரெட் என்னையே பார்த்துக் கேட்டாள்.

"மோசஸ் எழுதினது எவ்ளோ?"

"அறுநூத்தி நாப்பது," என்றேன்.

காகிதம் இன்னும் ஈரமாக இருந்தது.