யூலியட் அக்காவின் கடிதத்தை முகாமையாளர் வாசித்த நாள்

"தம்பி, இந்தக் கடிதத்தை எழுதினது உம்மட அக்காவோ, போனோ?"

யாழ்ப்பாணத்தில் ஒரு ஹோட்டலின் முகாமையாளர் வசீகரன் என்னிடம் இப்படிக் கேட்டார். வரவேற்பாளர் வேலைக்கான நேர்முகத் தேர்வு. யூலியட் அக்காவுக்குத் துணையாக நெடுந்தீவிலிருந்து போயிருந்தேன். தான் என்னென்ன செய்யக்கூடியவள் என்று அக்கா தமிழில் சொன்னாள். போனிலுள்ள ஏ.ஐ. அதை ஆங்கில விண்ணப்பக் கடிதமாக்கியது. ஆங்கிலம் போனுடையது, சொன்னதெல்லாம் அக்காவுடையது. இதை அன்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

"அப்ப போனைத்தான் வேலைக்கு எடுக்கவேணும்," என்றார். காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். கடிதத்தைப் படம் எடுத்து ஹோட்டல்காரர்களின் வாட்ஸ்அப் குழுவிலும் போட்டார். அது எங்கள் தீவுவரை வந்தது.

அக்கா அழவில்லை. காலையில் அப்பாவின் மாடுகளை அவிழ்த்துவிட்டு, வழமைபோல இறங்குதுறையிலுள்ள கூல்பாருக்கு, அந்தச் சிறிய குளிர்பானக் கடைக்கு, வேலைக்குப் போனாள். "குதிரை காட்ட ஹோட்டல் ஆக்களைக் கூட்டிக்கொண்டு அந்தாள் ஒருநாள் இஞ்ச வரும். வரட்டும்," என்றாள்.

பங்குனியில் வந்தார். ஹோட்டல் விருந்தினர்களுக்குத் தீவின் காட்டுக் குதிரைகளைக் காட்டிவிட்டு மெதுவாக இறங்குதுறைக்குத் திரும்பினார். கடைசிப் படகு எப்போதோ போய்விட்டது.

"பின்னேரம் ஆறு மணிக்கு போட் எண்டு எங்கட புரோகிராமில கிடக்கே!" என்று கூல்பாரில் நின்ற அக்காவிடம் பயண விவரத் தாளை நீட்டினார்.

அக்கா பார்த்தாள். "அப்பிடி ஒரு போட் இஞ்ச ஓடுறேல்லை. இதை எழுதினது நீங்களோ சேர், போனோ?"

"ஹோட்டல் பெடியள் ஏ.ஐ.யில அடிச்சவங்கள்," என்று முணுமுணுத்தார். விருந்தினர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். "தங்கச்சி, மீன்பிடி வள்ளம் ஒண்டாவது பிடிச்சுத் தாரும்."

"முதல்ல என்ர கடிதத்தை வாசியுங்கோ. உங்கட போனில கிடக்கும்தானே. எல்லாருக்கும் கேக்க வேணும்."

வாசித்தார். பாதியில் நிறுத்தினார். "முழுக்க," என்றாள் அக்கா. கடைசி வரியின் பொருள் இது: 'கோபத்தோடு வருகிறவர்களிடமும் உண்மையை அமைதியாகச் சொல்வேன். முடியாததை முடியும் என்று சொல்லமாட்டேன்.'

"அப்ப சொல்லுறன் சேர்," என்றாள் அக்கா, மிக அமைதியாக. "மீன்பிடி வள்ளத்தில ஆக்களை ஏத்த ஏலாது, தடை. இனி விடியத்தான் போட்."

இந்தமுறை சிரித்தது அவருடைய விருந்தினர்கள். தங்குவதற்கு அக்காவே ஒரு வீடு பிடித்துக் கொடுத்தாள். அவர்களுக்குக் கட்டில், வசீகரனுக்கு விறாந்தையில் பாய். அக்காவுக்கு அந்த வேலை கிடைக்கவில்லை. ஆனால் அன்று வீட்டுக்கு வந்து இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள்.

அந்தக் கடிதத்தைப் பார்த்துச் சிரித்த எல்லாருக்கும் இதுவும் போய்ச் சேரவேண்டும். ஹோட்டலில் வேலை செய்கிற யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால், தயவுசெய்து அனுப்பிவிடுங்கள்.