வேலியோரம் கொத்தாமல் விட்ட ஐந்தடி

வீட்டுக் குசினிக்குப் பின்னால் தோட்டம் போட நினைத்தபோது அந்த நிலத்தின் மேல் எனக்கு நம்பிக்கை இருக்கவில்லை. மேலே கிரவல் கல், கீழே இறுகிய களி. கிணற்றுத் தண்ணீர் வெயில் ஏற ஏற உப்புக் கரிக்கும். அதைவிட, சண்டை முடிந்து உடையார்கட்டுக்குத் திரும்பி வந்து இத்தனை வருடமாகியும் மண்வெட்டி எதிலாவது முட்டினால் என் கை அப்படியே நின்றுவிடும். மிதிவெடி எடுத்தவர்கள் காணி சுத்தம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்; வேலியோரம் வரை பார்த்தார்களோ தெரியாது. கொத்தப் போகிறவள் நான்.

முதல் நாளே வேலியோர மூலையில் இரும்புச் சத்தம் கேட்டது.

"பழைய தகரமாயிருக்கும்" என்றார் கணவர்.

"அப்ப நீங்களே வந்து கிண்டுங்கோ."

அவர் வரவில்லை. அந்த ஐந்தடியைச் சுற்றித் தடி நட்டுக் கயிறு கட்டினேன். மற்ற இடத்தில் மூன்று பாத்தி பிடித்துக் கத்தரியும் மிளகாயும் வைத்தேன்.

பக்கத்து வீட்டுக்கு அப்போதுதான் ஒரு குடும்பம் வாடகைக்கு வந்திருந்தது. முல்லைத்தீவுக் கரைப் பக்கத்து, கழுத்தில் சிலுவை போட்ட வேதக்காரர். புருசன் மோட்டார்சைக்கிளில் களப்புக்குப் போய் மீன்பிடித்து வருவார். கடலோடு பிழைக்கிறவர்கள் கரையை விட்டு இவ்வளவு தூரம் ஏன் வந்தார்கள் என்று எனக்குப் பிடிபடவில்லை. நான் மண்வெட்டி எடுத்தால் அந்தப் பெண் வேலியருகே வந்துவிடுவாள்.

"அக்கா, அந்த மூலையில ஒண்டும் வைக்கேல்லையோ?"

"அங்க கல்லு" என்று பொய் சொன்னேன்.

"கிண்டிப் பாத்தனீங்களோ?"

கத்தரிக்கன்றைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்டதில்லை. சண்டைக்குள் மண்ணில் தாட்டுவைத்த நகையைத் தேடி ஆட்கள் வருகிற கதைகள் ஊரில் நிறைய. நான் கன்றுகளைப் பார்ப்பதை விட்டு அவளைப் பார்க்கத் தொடங்கினேன்.

ஒருநாள் காலை தண்ணீர் ஊற்றப் போனபோது கயிறு தளர்ந்து கிடந்தது. உள்ளே மண்ணில் கம்பியால் குத்திய ஓட்டைகள். நேரே வேலிக்குப் போய் அவளைக் கூப்பிட்டேன்.

"நீரோ குத்தினது?"

அவள் மறுக்கவில்லை. "ஓம் அக்கா. நான்தான்."

"வெடி கிடந்திருந்தா?"

"பயமாத்தான் இருந்தது." கயிறு கட்டிய மூலையைக் கையால் காட்டினாள். "சண்டை நேரம் இடம்பெயர்ந்து வந்து, ஆளில்லாமக் கிடந்த உங்கட காணியிலதான் தறப்பாள் கொட்டில் கட்டி இருந்தனாங்கள். அப்ப எனக்குப் பதினாறு வயசு. அம்மா தையல் மெசினை இந்த மண்ணுக்குள்ளதான் தாட்டு வச்சவா. பக்கத்தில ஒரு மாமரம் நிண்டது. இப்ப அது இல்லை. மெசினைத் தேடித்தான் இஞ்ச வீடு எடுத்தனாங்கள்."

"ஏன் என்னட்டைக் கேக்கேல்லை?"

"நகை எண்டு நினைப்பியள்."

அதைத்தான் நினைத்திருந்தேன். அப்போதும் முழுதாக நம்பவில்லை. மெசினில் ஏதாவது அடையாளம் உண்டா என்று பொலிஸ்காரி மாதிரிக் கேட்டேன். கையால் சுற்றுகிற சில்லில் ஒரு வெடிப்பு என்றாள்.

கிராம அலுவலருக்குச் சொன்னோம். ஒரு கிழமை கழித்து மிதிவெடி எடுக்கிற இரண்டு பேர் கருவியோடு வந்து எங்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு மெதுவாகக் கிண்டினார்கள். இற்றுப்போன தறப்பாளுக்குள் தையல் மெசின் கட்டியாகத் துருப்பிடித்துக் கிடந்தது. சில்லில் வெடிப்பு இருந்தது. அதோடு மூடிய ஒரு தகரப் பேணியும் வந்தது.

என் கண் பேணியிலேயே நின்றது. அவள் அதைக் கண்டிருக்க வேண்டும். தான் திறக்காமல் என்னிடம் நீட்டினாள்.

"நீங்கள் முதல்ல பாருங்கோ."

வாங்காமல் விட்டிருக்கலாம். வாங்கித் திறந்தேன். பொத்தான்களும் உக்கிப்போன நூல்கட்டைகளும் இருந்தன. மூடித் திருப்பிக் கொடுத்தபோது அவள் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

சில்லு அசையவில்லை. ஆனாலும் அன்று பின்னேரமே மெசினைச் சாக்கில் சுற்றி, கரையிலிருக்கும் தாயிடம் காட்டப் புருசனோடு போனாள்.

கிண்டிய பள்ளத்தில் சாம்பலும் எருவும் போட்டு வெண்டி வைத்தேன். கத்தரியில் பாதியை மயில் கொத்திப்போட்டது. மிளகாய் பரவாயில்லை. ஒரு பை நிறைய ஆய்ந்து வேலிக்கு மேலால் அவளுக்குக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, "உறைப்போ அக்கா?" என்று மட்டும் கேட்டாள்.